டிஸ்லெக்ஸியா குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு: தன்னார்வலர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்துவதற்கு ஒரு முழு வழிகாட்டி

டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமத்துக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்து வருகிறார்கள். தன் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று வருடக்கணக்கில் அலைந்து, தாமதமாக விடை கிடைத்த பெற்றோர் ஒரு பக்கம். வகுப்பில் சில பிள்ளைகள் மட்டும் தொடர்ந்து பின்தங்குவதைப் பார்த்து மனம் பொறுக்காத ஆசிரியர்கள் மறுபக்கம். முதல் தரப்பிடம் அவசரம் இருக்கிறது, இரண்டாம் தரப்பிடம் அனுபவ அறிவு இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பள்ளிகளில் ஏதாவது மாறும்.

இத்தகைய அமைப்புகள் பல, விழிப்புணர்வு ஊர்வலம், சுவரொட்டி, டிஸ்லெக்ஸியா விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் சிறப்பு நிகழ்ச்சி என்பதோடு நின்றுவிடுகின்றன. விழிப்புணர்வு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு பிள்ளையின் பிரச்சினை எந்த வகுப்பில் கண்டுபிடிக்கப்படுகிறது, கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளைக்கு யார், எப்படி வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்ற இரண்டையும் மாற்றுவதே உண்மையான வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வேலையைப் பற்றியதுதான்.

முதலில் உங்களுக்குள் ஒரே பேச்சு இருக்கட்டும்

பதிவு, சின்னம், இணையதளம் எல்லாம் பிறகு. டிஸ்லெக்ஸியா என்றால் என்ன என்று யார் கேட்டாலும் உங்கள் அமைப்பில் உள்ள எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பக்கத்தில் உங்கள் நிலைப்பாட்டை எழுதுங்கள். அதில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்.

டிஸ்லெக்ஸியா என்பது சொற்களைச் சரியாகவும் சரளமாகவும் வாசிப்பதிலும், பிழையின்றி எழுதுவதிலும் வரும் நீடித்த சிரமம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதன் வேர் பேச்சொலிகளைப் பிரித்து உணர்வதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அந்தக் காலத்தில் இதைச் 'சொற்குருடு' என்றே அழைத்தார்கள். கண்ணோடு தொடர்புபடுத்தும் அந்தப் பழைய எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. b, d போன்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்ஸியா என்று நினைப்பவர்கள் ஏராளம். எழுதப் பழகும் வயதில் மற்ற பிள்ளைகளில் பலரும் அப்படித் திருப்பிப் போடுவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அறிவுத்திறன் மதிப்பெண் உயரமாகவும் வாசிப்பு தாழ்வாகவும் இருந்தால்தான் டிஸ்லெக்ஸியா என்ற பழைய அளவுகோலை ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் நிர்ணயக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் அந்த நிபந்தனை இல்லை. உங்கள் பகுதியில் யாராவது இன்னும் அந்த அளவுகோலை வைத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், உங்கள் முதல் வேலை அங்கேயே காத்திருக்கிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? நூற்றுக்கு 5 முதல் 10 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 20 வரை சொல்பவர்களும் உண்டு. வாசிப்புத் திறன் என்பது தொடர்ச்சியான ஓர் அளவு. அதில் எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். பெரிய எண்ணைச் சொன்னால் கவனம் கிடைக்கும் என்று ஆசைப்பட வேண்டாம். உங்கள் எண்ணை ஒரு நிபுணர் கேள்வி கேட்கும் நாள் வரும், அன்று மற்ற வாதங்களும் சேர்ந்து பலவீனமாகும்.

நிலைப்பாட்டில் எதை ஆதரிக்க மாட்டோம் என்பதையும் எழுதிவிடுங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, சமநிலைப் பயிற்சி என்று வாசிப்போடு நேரடித் தொடர்பில்லாத பல 'தீர்வுகள்' பெற்றோரிடம் விற்கப்படுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், கண் பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. பணத்தைவிடப் பெரிய இழப்பு, அந்த மாதங்களில் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும் வாசிப்புப் பயிற்சி.

யார் யார் சேர வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும்

தொடக்கக் குழுவில் ஐந்தாறு பேர் போதும். ஆனால் அந்த ஐந்தாறு பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. பெற்றோர் இருவர், வகுப்பாசிரியர் ஒருவர், சிறப்பாசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ ஒருவர், டிஸ்லெக்ஸியாவோடு வளர்ந்து பெரியவரான ஒருவர், கணக்கு வழக்கு பார்க்கத் தெரிந்த ஒருவர் என்று இருப்பது நல்லது. டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவரைக் கௌரவ விருந்தினராக வைத்துக்கொள்ளாமல், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். பள்ளியில் எது உதவியது, எது அவமானப்படுத்தியது என்பதை அவரைவிட யாரும் நுணுக்கமாகச் சொல்ல முடியாது.

இப்போது சிக்கலான பகுதிக்கு வருவோம். பெற்றோருக்குப் பள்ளிகள் மீது கோபம் இருக்கும். அது நியாயமான கோபம். ஆசிரியருக்கோ, தனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றுக்காகத் தன்னைக் குற்றம் சொல்கிறார்களே என்ற வருத்தம் இருக்கும். அதுவும் நியாயம்தான். பல நாடுகளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் வாசிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சரியாகக் கற்பிப்பதே இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பிரச்சினை ஆசிரியர்களிடம் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியில் இருக்கிறது என்பதை அமைப்பின் பொதுப் பேச்சாகவே ஆக்கிக்கொள்ளலாம். அது தந்திரத்துக்காகச் சொல்வதல்ல, உண்மையும் அதுதான்.

இன்னொன்று, பணியில் இருக்கும் ஆசிரியர் தன் பள்ளியையோ கல்வித் துறையையோ பொதுவெளியில் விமர்சித்தால் அவர் வேலைக்கு ஆபத்து வரலாம். ஆகவே ஊடகத்திடம் பேசுவது, அதிகாரிகளிடம் புகார் கொடுப்பது, மனுவில் முதல் கையெழுத்துப் போடுவது எல்லாம் பெற்றோர், தன்னார்வலர்களின் வேலை. பயிற்சிப் பாடங்களை உருவாக்குவது, வெளியிடும் ஒவ்வொரு தகவலையும் சரிபார்ப்பது, வகுப்பறையில் எது நடைமுறைக்கு வரும் எது வராது என்று சொல்வது ஆசிரியர்களின் வேலை. ஓர் ஆசிரியர் பார்க்காமல் எந்தத் துண்டறிக்கையும் வெளியே போகக் கூடாது என்று விதி வையுங்கள். பெற்றோர் ஒருவர் படிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதும் விதியாகட்டும். நிபுணர் எழுதுவது பல நேரம் பெற்றோருக்குப் புரியாது.

அப்புறம், சுயநலன் பற்றிய விதி. தனியாக டியூஷன் எடுப்பவர், மதிப்பீடு செய்து அறிக்கை கொடுக்கும் உளவியலாளர், பயிற்சிப் பொருள் விற்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் எல்லாம் உங்களோடு சேர விரும்புவார்கள். அவர்களில் மிக நல்லவர்கள் உண்டு, அவர்கள் அறிவு உங்களுக்கு வேண்டும். ஆனால் உதவி கேட்டு வரும் பெற்றோரைத் தன் வாடிக்கையாளராக ஆக்கிக்கொள்ளக் கூடாது, தனக்கு வருமானம் வரும் முடிவில் வாக்களிக்கக் கூடாது என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இதைத் தொடக்கத்தில் செய்வது எளிது. பிரச்சினை வந்த பிறகு செய்தால் நட்பு முறியும்.

பதிவு செய்வது பற்றி

அறக்கட்டளையா, சங்கமா, லாப நோக்கற்ற நிறுவனமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஒரு வழக்கறிஞரையும் கணக்காளரையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர்களிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: வரிவிலக்குப் பெற்ற அமைப்பு சட்டம் இயற்றச் சொல்லி எந்த அளவுக்கு வலியுறுத்தலாம்? பல நாடுகளில் இதற்கு வரம்பு உண்டு. கட்சி அரசியலுக்குத் தடையும் உண்டு.

பதிவு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றில்லை. 2011-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சில பெற்றோர் சேர்ந்து தொடங்கிய டிகோடிங் டிஸ்லெக்ஸியா என்ற இயக்கம் பெற்றோர் கைகளாலேயே மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறு குழு, ஒரே மாதிரியான சில கோரிக்கைகள், அவ்வளவுதான். மூன்றே ஆண்டுகளுக்குள் நியூஜெர்சியில் டிஸ்லெக்ஸியா சோதனை, ஆசிரியர் பயிற்சி பற்றிய சட்டங்கள் வந்துவிட்டன. கோரிக்கை தெளிவாக இருந்ததே அவர்களுடைய பலம்.

தொலைபேசியில் வரும் முதல் அழைப்பு

அமைப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த மறுவாரமே அழைப்புகள் வரத் தொடங்கும். பேசுபவர் பெரும்பாலும் ஒரு தாய். அழுதுகொண்டே பேசுவார். அவரிடம் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் உங்கள் அமைப்பின் மதிப்பு இருக்கிறது. எனக்கு இதைவிட முக்கியமான சேவை எதுவும் தோன்றவில்லை.

அழைப்பை எடுக்கும் தன்னார்வலருக்கு முதல் விதி: நோய் நிர்ணயம் செய்யாதே. "நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்லெக்ஸியாதான்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. காது சரியாகக் கேட்காத பிள்ளை, பார்வைக் குறைவுள்ள பிள்ளை, அடிக்கடி பள்ளி மாறிய பிள்ளை, வீட்டில் பேசாத மொழியில் படிக்கும் பிள்ளை எல்லோருமே வாசிப்பில் திணறுவார்கள். கவனக் குறைபாடு தனியாகவும் வரலாம், டிஸ்லெக்ஸியாவோடு சேர்ந்தும் வரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இவை:

- பிள்ளைக்கு என்ன வயது, எந்த வகுப்பு, எந்த மொழியில் படிக்கிறது?
- காதும் கண்ணும் பரிசோதித்தாகிவிட்டதா?
- பேச்சு தாமதமாக வந்ததா? எதுகைப் பாட்டு, எழுத்தின் ஒலி, பெயர்களை நினைவில் வைப்பது இவற்றில் சிரமம் இருந்ததா?
- குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் உண்டா?
- பள்ளியில் இதுவரை என்ன சொன்னார்கள், அது எழுத்தில் இருக்கிறதா?

குடும்பம் பற்றிய கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. டிஸ்லெக்ஸியா பரம்பரையாக வரும் தன்மை கொண்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. இதன் இன்னொரு பக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. உங்களை அழைக்கும் அந்தத் தாய்க்கோ தந்தைக்கோகூட வாசிப்பது கஷ்டமாக இருக்கலாம். எட்டுப் பக்க விண்ணப்பத்தை அனுப்பி, "நிரப்பி அனுப்புங்கள்" என்று சொன்னால் அவர் திரும்ப அழைக்கமாட்டார். தகவலைக் குரல் பதிவாக அனுப்புங்கள். படிவத்தைத் தொலைபேசியிலேயே கேட்டு நீங்களே நிரப்புங்கள். எழுத்தில் தர வேண்டியதைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நல்ல இடைவெளி விட்டு, சின்ன வாக்கியங்களாகத் தாருங்கள். உங்கள் இணையதளத்துக்கும் கூட்டக் குறிப்புகளுக்கும் இதே விதிதான்.

பேச்சை முடிக்கும்போது அவர் கையில் ஒரே ஓர் அடுத்த படி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது, பிள்ளைக்கு மதிப்பீடு வேண்டும் என்று பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்பது. அந்தக் கடிதத்தின் மாதிரியை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். தேதியோடு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து நீங்களே அழைத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நிபுணர்களின் பட்டியல் கொடுத்தால் குறைந்தது மூன்று பெயராவது இருக்கட்டும், யாரையும் பரிந்துரைக்க வேண்டாம்.

ஒவ்வோர் அழைப்பையும் பெயர் இல்லாமல் குறித்து வையுங்கள்: வயது, வகுப்பு, எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள், எங்கே தடை. ஓராண்டு கழித்து அதிகாரிகள் முன் உட்காரும்போது இதைவிடக் கனமான ஆவணம் உங்களிடம் இருக்காது.

எதைக் கேட்கப் போகிறீர்கள்?

அழைப்புக் குறிப்புகளோடு, உங்கள் பகுதிப் பள்ளிகளின் நிலையையும் விசாரியுங்கள். முதல் முறையாக வாசிப்புச் சோதனை எந்த வகுப்பில் நடக்கிறது? மதிப்பீடு செய்ய யாருக்கு அதிகாரம்? தேர்வில் கூடுதல் நேரம் பெற என்ன சான்றிதழ் வேண்டும், அது கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது? தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில் இவற்றை எழுதிக் கேட்டே வாங்கலாம்.

பிறகு ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கோரிக்கைகளோடு போனால் அதிகாரி அவற்றில் மிக எளிதானதைச் செய்துவிட்டு உங்களை அனுப்பிவிடுவார். எது முதலில் என்று என்னைக் கேட்டால், தொடக்க வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை என்பேன்.

காரணம் இதுதான். பல இடங்களில் பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பில் தோற்ற பிறகுதான் யாரோ கவனிக்கிறார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை 'நான் முட்டாள்' என்று தீர்மானித்துவிட்டிருக்கும். ஆனால் வாசிக்கத் தொடங்கும் வயதிலேயே அபாயக் குறிகளைப் பார்க்க முடியும். சொல்லைத் தனி ஒலிகளாகப் பிரிப்பது, எழுத்தின் ஒலியைச் சொல்வது, படங்களையோ நிறங்களையோ வேகமாகப் பெயர் சொல்வது, அர்த்தமில்லாத சொல்லைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது போன்ற சிறு பணிகளே போதும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இங்கே உங்கள் ஆசிரியர் உறுப்பினர்கள் ஒன்றை வலியுறுத்த வேண்டும். இந்தச் சோதனை நோய் நிர்ணயம் அல்ல. அபாயத்தில் இருப்பதாகக் காட்டப்படும் சில பிள்ளைகள் பிறகு சாதாரணமாக வாசிப்பார்கள். சிலர் சோதனையில் தப்பிவிடுவார்கள். ஆகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும், அபாயம் தெரிந்த பிள்ளைக்கு முத்திரை குத்தாமல் உடனே கூடுதல் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு ஏற்பாடு இல்லாமல் சோதனையை மட்டும் கேட்டு வாங்கிவிட்டால் ஒரு பட்டியல்தான் மிஞ்சும். கோரிக்கையில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு

இந்தப் பகுதியை ஆசிரியர்களே முழுமையாக நடத்த வேண்டும். எழுத்துகள் கலைந்து நடனமாடும் ஒரு பக்கத்தைக் காட்டி, "டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு இப்படித்தான் தெரியும்" என்று தொடங்கும் வழக்கத்தை விடுங்கள். அது தவறான படம். பரிதாபம் வரும், கற்பிக்கும் முறை வராது. ஆசிரியர் வீடு திரும்பும்போது, திங்கட்கிழமை காலை வகுப்பில் செய்ய ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

எதைக் கற்றுத்தருவது? ஒலிகளுக்கும் எழுத்துகளுக்கும் உள்ள தொடர்பை நேரடியாக, எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக, முன்பு படித்ததைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக் கற்பிப்பதே அடிப்படை. இதன் ஆரம்ப வடிவத்தை 1930-களில் சாமுவேல் ஆர்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒலியுணர்வு, எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருள் புரிதல் ஆகிய ஐந்தையும் முன்வைத்தது. ஒரு குறிப்பிட்ட பிராண்ட் பயிற்சித் திட்டத்தின் பிரசாரகர்களாக மாறிவிடாதீர்கள். அதில் இந்தக் கூறுகள் இருக்கின்றனவா, ஆசிரியர் நேரடியாகக் கற்பிக்கிறாரா, பிள்ளைக்குப் போதுமான பயிற்சி கிடைக்கிறதா என்பதைப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டதை அப்படியே எடுத்து இன்னொரு மொழிக்குப் பொருத்த முடியாது. எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் சீராக உள்ள இத்தாலியன், ஜெர்மன் போன்ற மொழிகளில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சரியாக வாசித்துவிடுவார்கள், ஆனால் மிக மெதுவாக. ஆங்கிலத்தில் பிழைகளும் சேர்ந்து வரும். இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் நாட்டவரை வைத்து 2001-இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வில், வெளியே தெரியும் சிரமம் வேறுபட்டாலும் மூளையில் செயல்பாடு குறைந்திருந்த பகுதி ஒன்றாகவே இருந்தது.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று எழுதும்போது உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது. சொல்லும்போதோ க் முதலில் வருகிறது, ஒ பிறகு வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் வேறு. 'பம்பரம்' என்ற சொல்லில் ப இரண்டு முறை வருகிறது, இரண்டின் ஒலியும் ஒன்றல்ல. ண, ன இரண்டுக்கும் வடிவில் ஒரு சுழிதான் வித்தியாசம், பேச்சில் பலர் அந்த வித்தியாசத்தையே காட்டுவதில்லை. சாதாரணப் பிள்ளை இவற்றைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லிப் பழக்க வேண்டும். உயிர்மெய்யை ஒரே உருவமாக மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நிற்காமல், க் என்ற ஒலியோடு ஒ என்ற ஒலி சேர்வதைக் காதால் கேட்கவும் வாயால் சொல்லவும் கையால் எழுதவும் வைக்க வேண்டும். உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

இரண்டு மொழிகளில் படிக்கும் பிள்ளையை ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்வதும் பரவலாக நடக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் திணறும் பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமான அளவு கற்பிக்கப்படாமலும் இருந்திருக்கலாம். முடிந்தவரை இரண்டு மொழியிலும் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் விடாமல் சொல்லுங்கள்.

ஒரு நாள் கருத்தரங்கு மட்டும் நடத்தினால் வகுப்பறை மாறாது. அதன் பிறகு மூன்று மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறு குழுவாக ஆசிரியர்கள் சந்தித்துத் தாங்கள் செய்து பார்த்ததைப் பேச வேண்டும். பத்துப் பள்ளிகளில் நூறு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பேசுவதைவிட, ஒரு பள்ளியில் எட்டு ஆசிரியர்களோடு ஒரு பருவம் முழுவதும் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். மற்ற பள்ளிகள் அதைப் பார்த்து வரும்.

அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் சந்திப்பது

மூன்று பேர் போங்கள்: ஒரு பெற்றோர், ஓர் ஆசிரியர் அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர், டிஸ்லெக்ஸியா உள்ள ஓர் இளைஞர். பெற்றோர் இரண்டு நிமிடம் தன் அனுபவத்தைச் சொல்லட்டும். ஆசிரியர் என்ன செய்யலாம் என்று சொல்லட்டும். இளைஞர், தனக்கு எது கிடைத்திருந்தால் பள்ளி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லட்டும். ஒரு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் கோரிக்கை முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அதிகாரியைச் சந்திப்பதோடு அவருடைய உதவியாளரையும் அறிந்துகொள்ளுங்கள், கோப்புகள் அவர் கையில்தான் நகரும்.

ஏற்கெனவே உள்ள சட்டங்களைத் தெரிந்துகொண்டு போவது பாதி வெற்றி. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாகச் சொல்கிறது. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் டிஸ்லெக்ஸியாவுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மாரகேஷ் ஒப்பந்தம் பார்வையற்றோருக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் அதில் அடங்குவார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பாடநூல்களை ஒலி வடிவில் தரப் பதிப்புரிமை தடையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

அமெரிக்காவில் நடந்ததையும் தெரிந்துவைத்திருங்கள். பள்ளிகள் பல, ஆவணங்களில் 'டிஸ்லெக்ஸியா' என்று எழுத முடியாது, சட்டம் அனுமதிக்கவில்லை என்று பெற்றோரிடம் சொல்லிவந்தன. அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்திய பிறகு 2015 அக்டோபரில் மத்தியக் கல்வித் துறை, அப்படி எந்தத் தடையும் சட்டத்தில் இல்லை என்று கடிதமே வெளியிட்டது. புதுச் சட்டம் தேவைப்படவில்லை, இருக்கும் சட்டத்துக்கு ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது. உங்கள் நாட்டிலும் முதலில் இப்படிப்பட்ட ஒரு விளக்கச் சுற்றறிக்கையைக் கேட்டுப் பாருங்கள், சட்டத் திருத்தத்தைவிட வேகமாகக் கிடைக்கும்.

சட்டத்தின் அல்லது ஆணையின் வரைவு உங்களிடம் கருத்துக்கு வந்தால் வினைச்சொற்களைப் படியுங்கள். 'பள்ளிகள் சோதனை நடத்தலாம்' என்றிருந்தால் எதுவும் நடக்காது. 'நடத்த வேண்டும்' என்றும், யார், எப்போதுக்குள், எந்த நிதியிலிருந்து என்றும் இருக்க வேண்டும். ஆணை வந்த நாளில் கொண்டாடுங்கள். மறுநாளிலிருந்து அது எந்தெந்தப் பள்ளியில் நடைமுறைக்கு வந்தது என்று கணக்கெடுக்கத் தொடங்குங்கள். பெரும்பாலான அமைப்புகள் தளர்ந்துபோகும் இடம் இதுதான்.

பிள்ளைகளின் கதைகள்

நிதி திரட்டவும் மனத்தைத் தொடவும் பிள்ளைகளின் கதைகளைச் சொல்லத் தோன்றும். பெயர், படம், பள்ளி மூன்றையும் தவிர்த்தே சொல்லுங்கள். பெற்றோர் அனுமதித்தாலும் பிள்ளையையும் கேளுங்கள். ஏழு வயதில் சரி என்ற பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அது சங்கடமாகலாம். எப்போது கேட்டாலும் நீக்குவோம் என்று எழுதிக் கொடுங்கள்.

ஐன்ஸ்டைனுக்கும் டிஸ்லெக்ஸியா இருந்தது என்ற பேச்சை உங்கள் மேடையில் அனுமதிக்காதீர்கள். அதற்குச் சான்று இல்லை. மேதைகளின் பட்டியல், சாதாரணமாக வாழ விரும்பும் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்வது மேதைக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைக்கும் உரிமை.

ஆட்களும் பணமும்

தன்னார்வப் பெற்றோர் தங்கள் பிள்ளை பள்ளி முடித்ததும் மெல்ல விலகுவார்கள். அது இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கேற்பத் திட்டமிடுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் செய்கிறவர், மற்றவர் பழகுகிறவர். சின்னக் குழந்தைகளின் பெற்றோரை இப்போதே உள்ளே கொண்டுவாருங்கள். ஆசிரியர்களுக்குத் தேர்வுக் காலத்தில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை தங்களுக்குள் மனம்விட்டுப் பேச நேரம் ஒதுக்குங்கள். மற்றவர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பது, அதுவும் தன் வீட்டிலும் அதே துயரம் இருக்கும்போது, ஆளைச் சோர்வடைய வைக்கும்.

பணம் பெரும்பாலும் பயிற்சி வகுப்புக்கும் அச்சுக்கும் பயணத்துக்கும்தான் செலவாகும். பயிற்சித் திட்டமோ கருவியோ விற்கும் நிறுவனத்திடம் நன்கொடை வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தொகையையும் பெயரையும் வெளிப்படையாகப் போடுங்கள். அந்த நிறுவனத்தின் பொருளைப் பற்றி அமைப்பு கருத்துச் சொல்லாது என்றும் எழுதிவையுங்கள். வரவு செலவை ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

எதை எண்ணுவது?

நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது எளிதாக எண்ணக்கூடியது, ஆனால் அதிகம் சொல்லாது. முதல் அழைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே சராசரியாக எத்தனை மாதம் ஆகிறது, அது குறைகிறதா என்று பாருங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களில் எத்தனை பேர் ஒரு பருவம் கழித்தும் அந்த முறையைத் தொடர்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்களிடம் வரும் பிள்ளைகளின் வயது ஆண்டுதோறும் குறைகிறதா என்றும் கவனியுங்கள். முதல் ஆண்டில் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக அழைத்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்காக அழைக்கிறார்கள் என்றால், உங்கள் பகுதியில் கண்டறிதல் முன்கூட்டியே நடக்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டாவது கோரிக்கையைக் கையில் எடுக்கலாம்.